எந்தக் கரையில் நின்று பார்த்தால் நாங்கள் இந்தியர்?

எங்களில் ஒருத்தியின் அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு முன்னாடி பிள்ளை பிறந்தது. பொம்பளப் பிள்ளை. பெயர் வைப்பதில் வீட்டில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. பிறப்பைப் பதிய விபரம் எழுதும்போதுதான் வந்தது. தகப்பனின் இனம், தாயின் இனம் என்று அதில் இரண்டு இடம் இருக்கிறது. அத்தானின் பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்று இருக்கு. அக்காவுடையதில் "இலங்கைத் தமிழர்". ரெண்டு பேரும் பசறைப் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே டிவிஷனில், நாலு லயம் தள்ளிப் பிறந்தவர்கள். ரெண்டு பேருடைய பாட்டன்மாரும் ஒரே கங்காணியின் ஆட்கள் என்று அப்பாயி சொல்கிறார். அக்கா பிறந்தபோது பதியப் போன அவரது அப்பாவிடம், "இலங்கைன்னு போட்டா பிள்ளைக்குப் பொறகு நல்லது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரும் அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது அத்தான், "ரெண்டு பேருக்கும் இலங்கைத் தமிழர்னே போட்ருவோம்" என்கிறார். எங்கள் கூட்டாளி, "மலையகத் தமிழர்னு எழுதுங்க, என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்கிறாள். அப்பாயிக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. "என்னத்தையோ போடுங்க. பிள்ளையோட பேரை மட்டும் பிழையில்லாம எழுதச் சொல்லுங்க" என்கிறார். தோட்டத்து ஆட்களின் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அப்பாயியின் கவலை விளங்கும்.

ஒரு இடத்துக்கும் அங்கே இருக்கிற சனத்துக்கும் பெயர் வைப்பவர் யார், அவர் எங்கே நின்று வைக்கிறார்? இந்தச் சண்டையிலிருந்து எங்களுக்குக் கிடைத்த கேள்வி இது. இதைத் தேடிப் போனால் கண்டங்கள் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் கண்டம் ஏழு என்று படித்தோம். மலையைப் போல, ஆற்றைப் போல அந்த ஏழும் பூமியில் தன்பாட்டில் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். கெம்பஸுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவை ஒரே கண்டமாகப் படிக்கிறார்கள். வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று பிரித்தால் அங்கே சிலருக்குக் கோபமே வரும், "அமெரிக்கர்" என்ற பெயரை ஒரு நாடு மட்டும் எடுத்துக்கொண்டதே என்று. ரஷ்யப் பிள்ளைகள் ஐரோப்பாவையும் ஆசியாவையும் சேர்த்து யூரேசியா என்று ஒரே நிலமாகப் படிக்கிறார்கள். ஒலிம்பிக் கொடியில் வளையம் ஐந்து.

இந்தக் குழப்பம் புதியதும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஒரே பூமிக்கு ஏன் மூன்று பெயர், அதுவும் மூன்று பெண்களின் பெயர், யார் வைத்தது என்று தனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். ஐரோப்பா, ஆசியா, லிபியா என்பவை அந்த மூன்று. லிபியா என்றால் அவர்களுக்கு அன்றைய ஆபிரிக்கா.

ஐரோப்பாவும் ஆசியாவும் எங்கே பிரிகின்றன என்று கேட்டால் யூரல் மலை என்று பரீட்சையில் எழுதுவோம். அந்தக் கோடு 18ஆம் நூற்றாண்டில் போடப்பட்டது. ரஷ்ய அரசில் வேலை செய்த தத்தீஷ்சேவும், சைபீரியாவில் போர்க்கைதியாக இருந்த சுவீடன்காரர் ஸ்ட்ராலென்பெர்க்கும் சொன்ன கோடு அது. தன் நாட்டை ஐரோப்பிய நாடாகக் காட்ட ரஷ்யா துடித்த காலம். அதற்கு வசதியான இடத்தில் ஒரு மலை இருந்தது. யூரலின் மிக உயர்ந்த சிகரம் 1,900 மீற்றருக்கும் சற்றுக் குறைவு. எங்கள் நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கு மேல். உயரம்தான் கணக்கு என்றால் பதுளைக்கும் பசறைக்கும் நடுவிலே ஒரு கண்டத்தைப் பிரித்திருக்கலாம்! மார்டின் லூயிஸ், காரன் விகென் என்ற இரண்டு புவியியலாளர்கள் 1997இல் இந்தக் கதையை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்கள். "த மித் ஒஃப் கொன்டினென்ட்ஸ்" என்பது அதன் பெயர். கண்டம் என்பது கட்டுக்கதை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

இது வெள்ளைக்காரர் பிரச்சினை மட்டும்தானா? பதுளை டவுனுக்கு வாருங்கள். முத்தியங்கனை விகாரை இருக்கிறது. புத்தர் இலங்கைக்கு வந்தபோது கால்வைத்த பதினாறு தலங்களில் ஒன்று என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அவர் எங்கிருந்து வந்தார் என்று ஒரு சிங்களப் பாட்டியிடம் கேட்டால் இந்தியாவிலிருந்து என்று சொல்லமாட்டார். "தம்பதிவ" என்பார். புத்தகயாவுக்கும் சாரநாத்துக்கும் யாத்திரை போவதை இன்றைக்கும் "தம்பதிவ வந்தனா" என்றுதான் சொல்கிறார்கள். தம்பதிவ என்பது ஜம்புத்தீவு. எங்கள் மொழியில் நாவலந்தீவு. மணிமேகலையில் வருகிற அதே நாவலந்தீவு.

பௌத்த உலகப் படத்தில் மேருமலையைச் சுற்றி நாலு பெரிய நிலங்கள் இருக்கின்றன. தெற்கே இருப்பது நாவலந்தீவு. புராணங்களில் தீவு ஏழு. நாவலந்தீவு நடுவிலே இருக்கும், அதைச் சுற்றி உப்புக்கடல், அடுத்தடுத்த தீவுகளைச் சுற்றிக் கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று கடல்கள். கோயிலில் ஐயர் சங்கல்பம் சொல்லும்போது ஜம்புத்வீபத்தில் தொடங்கிப் பாரதவர்ஷம், பரதகண்டம் என்று இறங்கி வருவது இந்தக் கணக்கில்தான். அந்தச் சொற்களில் பெரிய நிலமும் "தீவு"தான், சின்ன நிலமும் "தீவு"தான். மகாவம்சத்துக்கு இலங்கை ஒரு தீபம், ஜம்பு இன்னொரு தீபம். கண்டம் என்றும் தீவு என்றும் பெரிசு சிறிசு பார்த்துப் பிரிக்கிற பழக்கம் அதில் இல்லை. ஆனால் இன்னொன்று இருக்கிறது. சிங்கள பௌத்தக் கண்ணில் இலங்கை தம்பதிவவுக்கு உள்ளே இல்லை. அது வேறு, இது வேறு. தம்பதிவ புனிதமான இடம், மரியாதையான பெயர். ஆனால் அங்கிருந்து கூலிக்கு வந்த சனத்தை யாரும் "தம்பதிவ ஆட்கள்" என்று சொன்னதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. புத்தர் வந்தது தம்பதிவவிலிருந்து. நாங்கள் வந்தது இந்தியாவிலிருந்து. நிலம் ஒன்றுதான்.

சரி, எங்கள் ஆட்கள் இந்த நிலத்தை என்னவென்று சொன்னார்கள்? கண்டிச் சீமை. நாட்டார் பாடல்களிலும் கதைகளிலும் இந்தப் பெயர்தான். கண்டி என்பது கண்டி நகரம் மட்டும் இல்லை. பதுளை, அப்புத்தளை, நுவரெலியா எல்லாம் கண்டிதான். தமிழ்நாட்டில் சிவகங்கைச் சீமை, சேதுபதிச் சீமை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதுவும் இன்னொரு சீமை. அதே சொல் இன்னும் தூரமாகவும் போகும். வெள்ளைக்காரர் ஊரும் சீமைதான். அதனால்தான் மண்ணெண்ணெய்க்குச் சீமையெண்ணெய் என்று பெயர் வந்தது. திருச்சிப் பக்கத்துக் காய்ந்த வயலில் நிற்கிறவருக்குக் கண்டியும் லண்டனும் ஒரே மாதிரிச் சொல்லில் அடங்கின என்பதை நினைத்தால் எங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. கடல் தாண்டுகிற தூரத்தை அவர்கள் அப்படி அளந்திருக்கிறார்கள். சீமை என்பது எல்லையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. சிங்களத்தில் சீமா என்றாலும் எல்லைதான். எங்கள் மடுல்சீமைப் பக்கம் பஸ் ஏறுகிறவர்கள் தினமும் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் டிக்கட் கேட்கிறார்கள்.

தோட்டத்துக்குள்ளே வந்தால் உலகப் படம் இன்னும் மாறும். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்காடு, பத்தாம் நம்பர் மலை. தோட்டத்துக்கு வெளியே இருக்கிற சிங்களக் கிராமம் "நாடு". அங்கே இருக்கிறவர்கள் "நாட்டுக்காரங்க". அப்படியானால் தோட்டம்? தோட்டம் தோட்டம்தான், அது நாட்டில் சேராது. பிறகு நாடற்றவர் என்று சட்டம் எங்களைச் சொல்வதற்கு முன்னாடியே, எங்கள் பேச்சிலேயே நாடு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. "ஊர்" என்றால் அக்கரை. "ஊர்ல இருந்து கடுதாசி வந்துச்சு" என்றால் துறையூரிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வந்தது என்று அர்த்தம்.

துரைமாரும் தங்கள் பங்குக்கு ஒரு படம் வரைந்தார்கள். ஊவாவின் தோட்டப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கிளன் அல்பின், ஸ்பிரிங்வெலி, கிரேக், சார்னியா. கிளன் என்பது ஸ்கொட்லாந்துக்காரர் பள்ளத்தாக்கைச் சொல்கிற சொல். சார்னியா என்பது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையில் கிடக்கிற கர்ன்சி என்ற சின்னத் தீவின் பழைய லத்தீன் பெயர். அந்தத் தீவை வாழ்நாளில் பார்த்திராத ஒரு குடும்பம் நாலு தலைமுறையாகச் "சார்னியா தோட்டம்" என்று விலாசம் எழுதுகிறது. அப்படிப் பார்த்தால் எங்கள் விலாசத்தில் இந்தியா எங்கேயுமே இல்லை.

நிலத்துக்கு வைத்த பெயர் சனத்தின் மேல் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இலங்கையில் முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் "மூர்" என்றார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த முஸ்லிம்கள் வட ஆபிரிக்காவின் மூர்கள். நாங்கள் தமிழில் "சோனகர்" என்கிறோம். அது யவனர் என்ற சொல்லின் வழியில் வந்தது. யவனர் என்றால் கிரேக்கர். ஆக பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் ஒரு மனிதர் ஒரு மொழியில் மொரோக்கோ பக்கத்து ஆள், இன்னொரு மொழியில் கிரேக்கர்! பறங்கியர் என்பது பிராங்கியர் என்ற பெயரின் அரபு, பாரசீக உருவத்திலிருந்து வந்தது. பிராங்கியர் பிரான்ஸ் பக்கத்து ஆட்கள். இங்கே பறங்கியர் என்று சொன்னது போர்த்துக்கேய, ஒல்லாந்த வழியினரை. கொலம்பஸ் 1492இல் வழி தவறிப் போய் இறங்கிய இடத்துச் சனம் இன்றைக்கும் இந்தியர் என்ற பெயரைச் சுமக்கிறது. அதே கரீபியன் தீவுகளுக்குப் பிறகு உண்மையான இந்தியாவிலிருந்து கூலிகள் போனபோது அவர்களைக் கிழக்கிந்தியர் என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

தமிழருக்கு வெள்ளைக்காரர் வைத்த பழைய பெயர் "மலபார்". கண்டி இராச்சியத்தை 1815 மார்ச் 2இல் பிரித்தானியர் எடுத்துக்கொண்ட ஒப்பந்தத்தில், மலபார் இனத்தாருக்குக் கண்டி அரசில் இருந்த உரிமை அழிந்தது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே மலபார் என்று சொன்னது கடைசி மன்னனின் நாயக்கர் வம்சத்தை, அதாவது தெலுங்கு வழி வந்தவர்களை. கேரளக் கரையின் பெயர், தமிழருக்கு வைத்த பெயர், தெலுங்கு வம்சத்தைத் துரத்தப் பயன்பட்டது. ரீயூனியன் தீவில் தமிழ் வழிவந்தவர்களை இன்றைக்கும் மல்பார் என்கிறார்கள். மலபார் என்ற சொல்லின் முதல் பாதி எங்கள் "மலை"தான் என்பது வேறு கதை.

இதெல்லாம் கேட்க ருசியான கதைகள். 1911க்கு வந்தால் ருசி போய்விடும்.

அந்த வருடத்துக் குடிசன மதிப்பை நடத்தியவர் ஈ.பி. டென்ஹம். அதுவரை தமிழர் என்று ஒரே பெட்டியில் இருந்தவர்கள் அந்த மதிப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு பெட்டிகளாக ஆனார்கள். முஸ்லிம்களும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரிக்கப்பட்டார்கள். அப்போது இந்தியத் தமிழர் சுமார் 531,000 பேர், இலங்கைத் தமிழர் சுமார் 528,000 பேர். கிட்டத்தட்டச் சரிபாதி. அதே மதிப்பில் சிங்களவரும் கரைநாட்டுச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று இரண்டாகத்தான் இருந்தார்கள். நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. கரைநாடு, கண்டி என்ற அந்த இரண்டு பெட்டிகளையும் பிற்காலத்தில் அரசு எடுத்துவிட்டது. இன்றைக்குப் படிவத்தில் சிங்களவர் என்று ஒன்றுதான். ஆக, பெட்டியை உடைக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேண்டுமென்றால் உடைக்கலாம், உடைத்திருக்கிறார்கள். எங்கள் பெட்டி மட்டும் நூறு வருடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறது.

ஒரு எழுதுவினைஞருக்கு எண்ணுவதற்கு வசதியாக இருந்த பெயர், 1948இல் சட்டமாக மாறியது. சுதந்திரம் கிடைத்த அதே வருடம் பிரஜாவுரிமைச் சட்டம், 18ஆம் இலக்கம். இந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த ஒரு மனிதரிடம் அவருடைய தகப்பனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார்கள். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கு என்று தனிச் சட்டம் வந்தது. கல்யாணம் ஆனவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. சட்டத்தின் பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது: "இந்திய வதிவோர்". எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் போனவர்களில் பதுளைத் தொகுதியின் எஸ்.எம். சுப்பையாவும் ஒருவர். 1952இல் அந்தக் கட்சியிலிருந்து ஒருவர்கூட இல்லை. அந்தக் கட்சியின் பெயரையும் கவனியுங்கள். 1939இல் நேரு வந்துபோன நேரம் ஆரம்பித்தபோது அது இலங்கை இந்தியக் காங்கிரஸ். 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். இந்தியன் என்று சொன்னால் பிடித்து அனுப்புவார்கள் என்ற நிலைமை வந்த பிறகு "இந்திய" போய் "தொழிலாளர்" வந்தது. பெயர் தந்த பாதுகாப்பு தலைகீழாக மாற பதினொரு வருடம் போதுமாக இருந்தது.

இப்படி ஒரு சொல்லால் உரிமை போன கதை எங்களுடையது மட்டும் இல்லை. அமெரிக்காவில் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், தான் ஆரிய வழி, கொக்கேசியர், எனவே சட்டப்படி "வெள்ளையர்", பிரஜாவுரிமை தாருங்கள் என்று கேட்டார். 1923இல் உயர் நீதிமன்றம், விஞ்ஞானம் என்ன சொன்னாலும் சாதாரண ஆள் உங்களை வெள்ளையர் என்று சொல்லமாட்டார் என்று தள்ளிவிட்டது. அதை வைத்து ஏற்கனவே பிரஜாவுரிமை பெற்ற இந்தியர் பலருடையதையும் பறித்தார்கள். பிறகு 1970 குடிசன மதிப்பில் அதே நாடு இந்தியரை வெள்ளையர் கணக்கில் சேர்த்தது. 1980இல் "ஆசிய இந்தியர்" என்று மாற்றியது. ஆசியர் என்ற சொல்லே அமெரிக்காவில் சீன, கொரிய முகத்தையும், இங்கிலாந்தில் எங்கள் முகத்தையும் நினைவுபடுத்துகிறது. கண்டம் ஒன்று, முகம் வேறு.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யாருமே அந்தச் சனத்திடம் கேட்கவில்லை. ஒப்பந்தம் வந்து இரண்டு மாதத்துக்குள் டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எத்தனையோ பேர் இங்கே வந்து இறங்குவதற்கு முன்னாடி கடைசியாகப் பார்த்த ஊர் அது.

அப்பாயியின் கூடப்பிறந்த தங்கச்சி அந்தக் கணக்கில் போனவர். பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரி கூடலூர்ப் பக்கம். அங்கேயும் தேயிலைதான், தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய டான்டீ தோட்டம். இங்கே இருந்தவரை அவர் இந்தியாக்காரி. அங்கே போன நாளிலிருந்து அவர் சிலோன்காரி. பேரப்பிள்ளைகளுக்கும் அங்கே அதே பெயர்தான். வட்ஸ்அப்பில் பேசும்போது அக்காவும் தங்கச்சியும் ஒருத்தரிடம் ஒருத்தர், "ஊர்ல மழையா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். யாருடைய ஊர் என்று நாங்கள் கேட்டோம். ரெண்டு பேரும் பதில் சொல்லவில்லை, சிரித்தார்கள்.

அதிகாரிகள் வைத்த பெயர் போதாதென்று பக்கத்தில் இருந்தவர்களும் வைத்தார்கள். "கள்ளத்தோணி" தமிழ்ச் சொல். அது சிங்களத்துக்குப் போய் வசைச்சொல்லாகத் திரும்பி வந்தது. "தோட்டக்காட்டான்" என்று சொன்னவர்கள் தமிழர்தான். யாழ்ப்பாணத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களை "வடக்கத்தையான்" என்று சொன்ன காலமும் இருந்தது. அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து இந்தியா வடக்கு. தமிழ்நாட்டில் வடக்கத்தியான் என்றால் ஹிந்திக்காரர். பதுளையில் இருந்து பார்க்கிற எங்களுக்கு வடக்கு என்றால் யாழ்ப்பாணம். ஒரே திசைச் சொல்லை வைத்து மூன்று பேர் மூன்று பேரைத் தள்ளி வைக்கிறோம். நாங்களும் சும்மா இருந்ததில்லை. "பனங்கொட்டை" என்று யாழ்ப்பாணத்தாரைக் கிண்டல் செய்யாத கெம்பஸ் ஹொஸ்டல் உண்டா? முதல் வருடத்தில் எங்களில் ஒருவனிடம் ஒரு சீனியர் அண்ணா, "தம்பி இந்தியாவா?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "இல்லண்ணே, பதுளை" என்றதும், "அதுதான் கேக்கிறன், இந்தியத் தமிழோ?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை என்று அன்றிரவு வந்து சொன்னான்.

"மலையகம்" என்ற சொல் இந்த எல்லாத்துக்கும் பிறகு, போன நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வலுப்பெற்றது. ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், படித்து வெளியே வந்த முதல் தலைமுறை இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மலைநாடு என்றும் சொன்னார்கள், பிறகு மலையகம் நிலைத்தது. 1989இல் மலையக மக்கள் முன்னணி வந்தபோது அது கட்சிப் பெயராகவும் ஆனது. முதல்முறையாக எங்கள் பெயரில் நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது இல்லாமல், எங்கே இருக்கிறோம் என்பது வந்தது. 2023இல், வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனம் நடந்தபோது அந்தப் பெயரைத்தான் பதாகையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால் இந்தப் பெயரிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஊவா மாகாணத்திலேயே மொனராகலை மாவட்டத்தில் இறப்பர்த் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு மலை தூரத்தில்தான் தெரியும். கேகாலை, களுத்துறை இறப்பர் ஆட்களும் அப்படியே. வன்முறைக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்களின் பிள்ளைகள் மலையைப் பார்த்ததே இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் அண்ணன்மார் எந்த அகத்தில் சேருவார்கள்? இந்தப் பெயரும் ஒரு இடத்தில் நின்று வைத்த பெயர்தான். என்றாலும் வைத்தவர்கள் நாங்கள் என்பதால் எங்களுக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொரு பக்கம் எண்ணிக்கை கரைகிறது. இந்தியத் தமிழர் என்ற பெட்டியில் 1971இல் 1,174,606 பேர், மொத்தச் சனத்தில் 9.3 வீதம். 1981இல் 818,656 பேர். 2012இல் 839,504 பேர், 4.1 வீதம். கப்பலேறிப் போனவர்கள் பாதிக் கதை. மீதிக் கதை, அக்காவின் அப்பா செய்த காரியம்: "இலங்கைத் தமிழர்" என்று போட்டவர்கள். 1977இலும் 1983இலும் அடிவாங்கிய சனம் பத்திரத்தில் இந்தியன் என்று எழுதப் பயந்ததில் என்ன ஆச்சரியம்? பதுளை மாவட்டத்தில் 2012இல்கூட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் இந்தியத் தமிழர் என்றே பதிந்திருக்கிறார்கள். எண்ணிக்கை குறையக் குறைய ஆசிரியர் நியமனம், பிரதேச செயலகம், வீட்டுத் திட்டம், பாராளுமன்ற ஆசனம் என்று எதைக் கேட்டாலும் "நீங்கள் எத்தனை பேர்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். இலங்கைத் தமிழர் என்று போட்டால் பிள்ளைக்கு அவமானம் குறையலாம். லயத்துக்கு வரவேண்டிய பங்கும் அதோடு குறையலாம். அத்தானுக்கும் எங்கள் கூட்டாளிக்கும் நடக்கிற சண்டை இதுதான், ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30இலிருந்து இங்கே இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. அத்தானின் அப்பா அதற்குப் பிறகுதான் முதல்முறை அடையாள அட்டை எடுத்தார். அந்தச் சட்டத்தின் பெயரிலும் "இந்திய வம்சாவளி" இருக்கிறது.

பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். இன்னும் 19 நாள் இருக்கிறது. விபரம் எழுதிய தாளில் பிள்ளையின் பெயரை அப்பாயி மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார், பிழை இல்லை. இனம் என்ற இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.